மீனும் புளிப்பும்: தேக்கா சந்தை தரும் ஒரு சமையற்பாடம்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை தொடங்கும் இடத்தில் தேக்கா சந்தை இருக்கிறது. உறவினரைக் காணவும் தீபாவளிக்குத் துணிமணி எடுக்கவும் சிங்கப்பூர் சென்று வரும் நம்மவர்களுள் இச்சந்தையை அறியாதவர் சிலரே. 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்ப் பெயருடன் இங்குப் பழைய சந்தை 1915 ஆம் ஆண்டில் எழுந்தது. எருமைக் கொட்டில் என்பது அப்பெயரின் பொருள். மாட்டு வணிகம் இவ்வட்டாரத்தில் செழித்திருந்த காலத்தின் நினைவு அது. 1982 இல் சந்தை இன்றைய கட்டடத்திற்கு மாறியது. 'சிறு மூங்கில்களின் அடிவாரம்' எனப் பொருள்படும் சீனச் சொற்றொடரிலிருந்து பிறந்த 'தேக்கா' என்னும் பெயர், 2000 ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் அதிகாரமுறைப் பெயராயிற்று.

இச்சந்தையின் தரைத்தளத்தில் மீன் கடைகள் வரிசையாக உள்ளன. பொடித்த பனிக்கட்டியின்மேல் கெம்போங், தெங்கிரி, வவ்வால், சியாக்காப், தொங்கோல் எனப் பலவகை மீன்கள் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். சற்றுத் தள்ளிக் காய்கறிக் கடைகளில் இஞ்சி, செராய், கறிவேப்பிலை, சிறிய லீமாவ் கஸ்தூரிப் பழங்கள் ஆகியவை குவிந்திருக்கும். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே கடையில் ஒரே மீனை வாங்கி, ஒவ்வொருவரும் தத்தம் வழக்கப்படி சமைக்கின்றனர். ஆயினும் அனைவர் சமையலிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. அதுவே மீனோடு சேரும் புளிப்பு.

நன்றாகச் சூடேறிய சட்டியில் குறைந்த எண்ணெயில் வாட்டிய மீனையும், அதனோடு உண்ணும் லீமாவ் சாற்றையும் வீட்டில் எவ்வாறு செய்வது என்பதை இப்பாடத்தில் கற்போம். செய்முறை எளியது. ஆனால் அதற்கு முன்னர், புளிப்பு மீனுக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இதனை அறியாமையால் நோயுற்ற குடும்பங்கள் உண்டு.

பழகிய சுவை

நம் முன்னோர் புளியைக் கரைத்து மீன் குழம்பு வைத்தனர். மலாய்க்காரர் அசாம் சேர்த்தனர். சீனர் இஞ்சியும் சோயாவும் சேர்த்து மீனை அவித்து, மேலே எலுமிச்சை பிழிந்தனர். இம்மூன்று வழக்கங்களும் சிங்கப்பூரில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தமையால் ஒன்றிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டன.

கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் என்பார் 1949 இல் சிங்கப்பூரின் சோபியா சாலையில் ஓர் உணவகம் நடத்தினார். பெரிய மீனின் தலையைப் புளிப்பும் காரமும் சேர்ந்த குழம்பில் இட்டு அவர் சமைத்துத் தந்தார். மீன் தலையை விரும்பி உண்ணும் சீன வாடிக்கையாளர்களுக்கு அது மிகவும் பிடித்தது. இந்தியக் குழம்பும் சீனர் விருப்பமும் இணைந்த அந்த மீன் தலைக் கறி இன்று சிங்கப்பூரின் அடையாள உணவுகளுள் ஒன்றாகத் திகழ்கிறது. ஆகவே, லீமாவும் சோயாவும் செராயும் கலந்த சாற்றை நம் வீட்டு மீனோடு சேர்ப்பது அந்நியமான செயல் அன்று. இவ்வட்டாரத்தின் பழைய பழக்கமே ஆகும்.

புளிப்பு மீனைச் சமைக்குமா?

பச்சை மீன் துண்டின்மேல் லீமாவ் சாற்றை ஊற்றிச் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். கண்ணாடிபோல் இருந்த தசை வெண்மையாகும், சற்றே இறுகும். பார்ப்பதற்கு வெந்தது போலவே தோன்றும். "எலுமிச்சையிலேயே மீன் வெந்துவிட்டது" என்று சிலர் கூறுவதும் உண்டு. இக்கூற்று சரியா?

இதற்கு விடை காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பால்மரத் தோட்டத்தில் நாள்தோறும் நடப்பதையே எண்ணிப் பார்ப்போம். மரத்திலிருந்து வடிந்த பாலில் பார்மிக் திராவகத்தை அளவாகக் கலந்தால் என்ன நிகழ்கிறது? பால் உறைந்து கட்டியாகிறது. நெருப்பு மூட்டவில்லை, சூடேற்றவில்லை. பாலில் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதந்த நுண்துகள்களின் நிலையைத் திராவகம் மாற்றிவிட்டது. அதனால் அவை ஒன்றுசேர்ந்தன. லீமாவ் சாறும் மெல்லிய திராவகமே. அதிலுள்ள சிட்ரிக் அமிலம் மீன் தசையிலுள்ள புரதத்தின் அமைப்பைக் குலைத்து உறையச் செய்கிறது. நிறமும் தன்மையும் மாறுகின்றன. அவ்வளவே. உறைவது வேறு, வேகுவது வேறு. நெருப்பின் வெப்பம் நோய்க்கிருமிகளைக் கொல்லும். அரைமணி நேர லீமாவ் ஊறல் அவற்றைக் கொல்லும் என்று நம்பியிருக்க இயலாது.

இதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு கசப்பான சான்று உண்டு. 2015 ஆம் ஆண்டில் அங்கே பலர் கடுங்காய்ச்சலோடு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். சிலருக்கு இரத்தத்தில் கிருமி பரவியது. சிலருக்கு மூளையைச் சுற்றியுள்ள சவ்வு அழற்சியுற்றது. சிலருக்கு மூட்டுகள் பாதிக்கப்பட்டன. 'பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்னும் கிருமியின் ஒரு குறிப்பிட்ட இனமே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அவ்வினத்தால் நோயுற்றவர் ஏறத்தாழ 150 பேர். முதியோரும் நோயாளிகளும் மட்டுமின்றி, நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

நோயின் மூலத்தைத் தேடியபோது, கஞ்சிக் கடைகளில் விற்கப்பட்ட பச்சை மீன் உணவு அகப்பட்டது. கெண்டை இனத்தைச் சேர்ந்த 'சோங்' மீனும், விரால் இனத்தைச் சேர்ந்த தோமான் மீனும் மெல்லிய இதழ்களாகச் சீவப்பட்டு, நல்லெண்ணெய், இஞ்சி, மிளகாய், லீமாவ் ஆகியவற்றோடு பரிமாறப்பட்டு வந்தன. லீமாவ் இருந்தும் அது காக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், நன்னீர் மீனைச் சமைக்காமல் உண்ணும் உணவாக விற்பதற்குச் சிங்கப்பூர் அரசு தடை விதித்தது.

தோமான் நமக்குப் புதிய மீன் அன்று. தோட்டத்து ஓடைகளிலும் குட்டைகளிலும் பிடிபடும் மீனே. ஆகவே இச்செய்தி நகரத்தாருக்கு மட்டும் உரியது எனக் கருதலாகாது. ஓடை மீனாயினும் கடல் மீனாயினும் நெருப்பில் நன்கு வேக வேண்டும். புளிப்பு அதன் பின்னரே வர வேண்டும்.

வாடையை மறைத்தால் நஞ்சு மறையுமா?

புளிப்பைப் பற்றிய இரண்டாவது தவறான எண்ணம் இதனினும் பரவலானது. சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டில் தாயும் இரு பிள்ளைகளும் முகம் சிவந்து, உடல் அரித்து, தலைவலியோடு அமர்ந்திருந்ததைக் கண்டோம். பகலுணவு உண்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கண்ணேறு பட்டிருக்கும் என்று பாட்டி கூறினார். என்ன சமைத்தீர்கள் என வினவினோம். அந்தத் தாய் தயக்கத்தோடு சொன்னார்: "தொங்கோல் மீனுங்க ஐயா. காலையில வாங்குனது. கொஞ்சம் வாடை வந்துச்சு, அதான் லீமாவ் கூடவே புழிஞ்சேன்."

அம்மீனைக் காலை ஒன்பது மணிக்குப் பாட்டி வாங்கி வைத்திருக்கிறார். பால்வெட்டுக்குச் சென்ற மருமகள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்வரை, நான்கு மணி நேரத்திற்கும் மேலாக, அது பிளாஸ்டிக் பையிலேயே அடுப்படியில் கிடந்திருக்கிறது. வீட்டில் குளிர்ப்பெட்டி இருந்தது. ஆனால் "எப்படியும் சமைக்கத்தானே போகிறோம்" என்று அதில் வைக்கவில்லை. நல்வேளையாக, அருகிலிருந்த மருந்தகத்தில் சிகிச்சை பெற்று மூவரும் அன்று மாலைக்குள் தேறினர்.

அங்கு நிகழ்ந்தது என்ன? தொங்கோல், தெங்கிரி, கெம்போங், மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதியாக உள்ளது. மீன் வெப்பத்தில் கிடக்கும்போது கிருமிகள் பெருகி, அதனை ஹிஸ்டமின் என்னும் வேறொரு பொருளாக மாற்றுகின்றன. ஹிஸ்டமின் மிகுந்த மீனை உண்டால் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திற்குள்ளோ முகம் சிவக்கும், தோல் அரிக்கும், வாயில் எரிச்சல் தோன்றும், தலை வலிக்கும், வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஏற்படலாம். பலர் இதனை 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். உண்மையில் பழுதானது மீனே.

இங்கே நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முன்னர் கூறிய கிருமிகளை நெருப்பு கொல்லும். ஆனால் ஒருமுறை உண்டாகிவிட்ட ஹிஸ்டமினை நெருப்பாலும் அழிக்க முடியாது. குளிர்ப்பெட்டியாலும் அழிக்க முடியாது. புளிப்பாலும் அழிக்க முடியாது. பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் அது அங்கேயே இருக்கும்.

அப்படியானால் லீமாவ் பிழிந்ததும் வாடை குறைவது ஏன்? கடல்மீனின் கவிச்சு வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது. புளிப்பிலுள்ள அமிலம் அதனோடு சேர்ந்து, அது காற்றில் எழாதவாறு பிடித்துக்கொள்கிறது. மூக்குக்கு வாடை எட்டவில்லை, அவ்வளவுதான். மீன் கெட்டது கெட்டதே. நம்மை எச்சரிக்கும் மூக்கின் வாயை நாமே பொத்திவிட்டோம் என்பதே உண்மை நிலை. இன்னொன்றும் உண்டு: ஹிஸ்டமின் மிகுந்த மீன் சில வேளைகளில் வாடையே இன்றி நல்ல மீன்போல் தோன்றும். ஆகவே மூக்கை மட்டும் நம்பாமல், மீன் எத்தனை நேரம் வெப்பத்தில் கிடந்தது என்பதையும் கணக்கிட வேண்டும்.

எனவே இப்பாடத்தின் கருத்தை இவ்வாறு சுருக்கிக் கூறலாம்: புளிப்பு, நல்ல மீனுக்குத் துணை, கெட்ட மீனுக்குத் திரை அன்று.

பனிக்கட்டியின் பாதை

தேக்கா சந்தையின் மீனுக்கு இத்துறையில் நாம் கற்கத்தக்க ஒழுங்கு ஒன்று உள்ளது. சிங்கப்பூரின் ஜூரோங் மீன்பிடித் துறைமுகம் 1969 இல் திறக்கப்பட்டது. பிடிபட்ட மீன்கள் கடல் வழியாகவும், மலேசியாவிலிருந்து சரக்குந்துகளில் தரை வழியாகவும், வானூர்தி வழியாகவும் அங்கு வந்து சேர்கின்றன. நள்ளிரவுக்குப் பின்னர் மொத்த வணிகம் நடைபெறுகிறது. நீங்கள் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில், அந்த மீன்கள் சந்தைகளை நோக்கிப் புறப்பட்டுவிடும். நெடுந்தொலைவு வந்த மீனும் காலையில் தளதளவென்று இருப்பதற்குக் காரணம், வழியெங்கும் அது பனிக்கட்டியில் இருந்ததே ஆகும்.

தோட்டத்திற்கு வரும் மீனுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். மீன்காரரின் பெட்டியில் பனிக்கட்டி இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். கண் தெளிவாகவும் புடைத்தும் இருக்க வேண்டும், குழிந்து கலங்கியிருத்தலாகாது. செவுள் சிவந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழ வேண்டும். மணம் கடல்நீரை ஒத்திருக்க வேண்டும்.

வாங்கிய உடனே குடலையும் செவுளையும் அகற்றிக் கழுவி, மூடிய பாத்திரத்தில் இட்டு, குளிர்ப்பெட்டியில் நான்கு பாகை செல்சியசுக்கு மிகாத குளிரில் வையுங்கள். வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் கிடந்த மீன் ஐயத்திற்குரியது. உச்சிவெயில் வேளையில் ஒரு மணி நேரமே எல்லை. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டார், சமைக்கும் ஆள் வீட்டில் இருக்கும் வேளையில் மட்டும் மீன் வாங்குவதே முறை. வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லி வைப்பது அவசியம். ஏனெனில் மீனை வாங்குபவர் ஒருவராகவும் சமைப்பவர் இன்னொருவராகவும் இருக்கும் வீடுகளிலேயே தவறு நேர்கிறது.

தேவையான பொருள்கள்

இனிச் செய்முறைக்கு வருவோம். கீழ்க்காணும் அளவு நால்வருக்குப் போதுமானது.

மீனுக்கு: நடுத்தரக் கெம்போங் மீன் 4. அல்லது இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள தெங்கிரித் துண்டு 4. மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சமையல் எண்ணெய் 2 மேசைக்கரண்டி.

சாற்றுக்கு: லீமாவ் கஸ்தூரி 12, இஞ்சி பெருவிரல் அளவு, பூண்டு 3 பல், சின்ன வெங்காயம் 4, செராய் ஒரு தண்டு, சிவப்பு மிளகாய் 1, சோயா கிச்சாப் ஒரு மேசைக்கரண்டி, கூலா மலாக்கா அல்லது நாட்டுச் சர்க்கரை 2 தேக்கரண்டி, தண்ணீர் 4 மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி, கொத்தமல்லித் தழை சிறிது.

விலையுயர்ந்த மீன்தான் வேண்டும் என்பதில்லை. சியாக்காப் கிடைத்தால் நன்று. கெம்போங் அதனினும் குறைந்தது அன்று. லீமாவ் கஸ்தூரி இல்லையேல் நான்கு லீமாவ் நிப்பிஸ் போதும். வீட்டின் பின்புறம் ஒரு செராய்ப் புதரும் ஒரு கஸ்தூரிச் செடியும் வளர்த்தால் பாதிச் செலவு மிஞ்சும்.

செய்முறை

முதற்படி: சாற்றின் அடிப்படையைத் தயாரித்தல். எஃகுக் கிண்ணச்சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டு, இஞ்சி, தட்டிய செராய் ஆகியவற்றை மணம் எழும்வரை வதக்குக. தண்ணீர், கிச்சாப், கூலா மலாக்கா ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கி வைக்கவும். மிளகாயை நறுக்கிப் போடவும். லீமாவை இப்பொழுது சேர்த்தலாகாது.

இதற்கு இரும்புச் சட்டியையோ அலுமினியப் பாத்திரத்தையோ பயன்படுத்த வேண்டாம். புளிப்பு அவ்வுலோகங்களோடு வினைபுரிந்து, சாறு கறுக்கும். உலோகச் சுவையும் ஏறும். பழகிய இரும்புச் சட்டியின் எண்ணெய்ப் பூச்சும் கரைந்துவிடும்.

இரண்டாம் படி: மீனைப் பதப்படுத்தல். கழுவிய மீனின் இருபுறமும் கத்தியால் மூன்று கீறல் இடுக. மஞ்சளும் உப்பும் தடவிப் பத்து நிமிடம் வைத்திருக்கவும். பின்னர், ஊறிய நீரைத் தூய துணியாலோ தாளாலோ நன்றாக ஒற்றி எடுக்கவும். மீன் உலர்ந்திருப்பதே இச்சமையலின் உயிர்நாடி. ஈரமான மீனைச் சட்டியில் இட்டால், வெப்பமெல்லாம் அந்நீரை ஆவியாக்கவே செலவாகும். மீன் சிவக்காமல் அவியும், சட்டியில் ஒட்டும். நீர் நூறு பாகையில் ஆவியாகும்; மேற்பரப்பு சிவந்து மணம் பெற அதனினும் மிகுந்த வெப்பம் தேவை. நீர் நீங்கினால்தான் அவ்வெப்பம் மீனைச் சென்றடையும். இந்நிலையில் மீனில் லீமாவ் ஊறவைப்பதும் தவறு. புளிப்பு மேற்பரப்பைக் குழைத்து நீர் விடச் செய்யும்.

மூன்றாம் படி: வாட்டுதல். இரும்புத் தட்டைச் சட்டியை நடுத்தரத்திற்குச் சற்று மேற்பட்ட தீயில் இரண்டு மூன்று நிமிடம் காய வைக்கவும். ஒரு சொட்டு நீரைத் தெளித்தால் அது உருண்டோடி மறைய வேண்டும். அப்பொழுது எண்ணெய் விட்டு, எண்ணெய் மினுமினுக்கும்போது மீனை மெல்ல இடவும். தட்டைக் கரண்டியால் பத்து நொடி இலேசாக அழுத்திப் பிடித்தால் தோல் சுருளாது.

இனி நான்கு நிமிடம் மீனைத் தொட வேண்டாம். பலர் தவறுவது இங்கேதான். தொடக்கத்தில் மீன் சட்டியோடு ஒட்டும். அடிப்பக்கம் சிவந்து பொருக்குப் படிந்ததும் தானாகவே விடுபடும். அவசரப்பட்டுப் பெயர்த்தால் தோல் சட்டியிலும் சதை கரண்டியிலும் நிற்கும். கரண்டியை நுழைத்ததும் எளிதில் எழும்பினால் திருப்பிப் போட்டு, மேலும் மூன்று நிமிடம் வேக விடவும். நான்கு மீன்களையும் நெருக்கி அடுக்காமல், இரண்டிரண்டாக இடுவது நன்று. நெருக்கினால் சட்டி குளிர்ந்துவிடும்.

வெந்ததை எவ்வாறு அறிவது? முதுகெலும்பை ஒட்டிய கனமான பகுதியைக் கத்தி நுனியால் விலக்கிப் பாருங்கள். சதை முற்றிலும் வெண்மையாகி, இதழ் இதழாகப் பிரிந்து, எலும்பை விட்டு நீங்க வேண்டும். எலும்பருகில் கண்ணாடி நிறமோ சிவப்போ இருந்தால் தீயைக் குறைத்து மூடி, இன்னும் இரண்டு நிமிடம் வைக்கவும். புளிப்பை ஊற்றினால் அதுவும் வெண்மையாகிவிடும் என்பதால், இச்சோதனையைச் சாறு ஊற்றுவதற்கு முன்னரே செய்ய வேண்டும்.

நான்காம் படி: புளிப்பைச் சேர்த்தல். லீமாவ் பழங்களைக் குறுக்கே நறுக்கி, சிறு வடிகட்டியில் பிழிந்து விதை நீக்குக. விதை கலந்தால் கசக்கும். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சாற்றில் இதனை ஊற்றிக் கலக்கவும். அடுப்பின்மேல் வைத்துக் கொதிக்கவிட்டால் லீமாவின் நறுமணம் ஆவியாகப் போய்விடும், வைட்டமின் 'சி' யும் குறையும், கசப்பும் தலைகாட்டும். சுவைத்துப் பார்த்து, புளிப்பு மிகுந்தால் சிறிது சர்க்கரையும், மந்தமாக இருந்தால் இன்னும் ஒரு பழமும் சேர்க்கலாம்.

தட்டில் முதலில் சாற்றை ஊற்றி அதன்மேல் மீனை வைக்கவும். மீன்மேல் சாற்றை ஊற்றினால் மொறுமொறுப்பான தோல் உடனே நமுத்துவிடும். கொத்தமல்லியைத் தூவிச் சுடச்சுடப் பரிமாறவும்.

உடல்நலக் கணக்கு

மீன் முழுகும் அளவுக்கு எண்ணெய் ஊற்றிப் பொரிப்பதைவிட இம்முறையில் எண்ணெய் குறைவு. பொரித்து மிஞ்சிய எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும் தேவையும் எழுவதில்லை.

உப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வளர்ந்தவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு மொத்தம் ஐந்து கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டியே. சோயா கிச்சாப்பிலேயே உப்பு மிகுதி என்பதால், சாற்றில் தனியே உப்பு சேர்க்க வேண்டியதில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிச்சாப்பைப் பாதியாக்கி லீமாவைக் கூட்டிக்கொள்ளலாம். புளிப்பு மிகுந்தால் உப்புக் குறைவு நாவுக்குத் தெரிவதில்லை. இதுவும் புளிப்பு செய்யும் நன்மைகளுள் ஒன்று.

இன்னொரு நன்மை தாய்மார்களுக்கு உரியது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. வைட்டமின் 'சி' யும் மீனும் உடன் சேரும்போது அதனை மிகுதியாக ஏற்கிறது. எனவே இந்த மீனோடு பசலையோ சேக்கூர் மானிஸ் கீரையோ சமைத்து உண்பது, இரத்தசோகை உள்ளவர்களுக்கும் வளரும் பெண்பிள்ளைகளுக்கும் மிகவும் ஏற்றது.

மீனை உண்டபின் முகம் சிவந்து அரிப்பு ஏற்பட்டால், அம்மீனை மேலும் யாரும் உண்ணாதவாறு அகற்றிவிட்டு மருந்தகத்திற்குச் செல்லுங்கள். என்ன மீன், எப்பொழுது வாங்கியது, எத்தனை நேரம் வெளியில் இருந்தது என்பவற்றை மருத்துவரிடம் கூறுங்கள். மூச்சுத் திணறலோ உதடு வீக்கமோ தோன்றினால் சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நினைவிற் கொள்க

1. மீன் பனிக்கட்டியில் வர வேண்டும்; வந்ததும் குளிரில் புக வேண்டும்.
2. ஐயத்திற்குரிய மீனை எறிவது இழப்பு அன்று; உண்பதே இழப்பு.
3. மீன் உலர்ந்தும் சட்டி காய்ந்தும் இருத்தல் வேண்டும்.
4. நெருப்பில் வெந்ததை உறுதி செய்த பின்னரே புளிப்பு.
5. லீமாவ் சாறு கொதிக்கலாகாது.

பயிற்சி வினாக்கள்

வீட்டிலோ மாதர் கூட்டங்களிலோ இவ்வினாக்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து கலந்துரையாடலாம்.

1. திராவகத்தால் உறைந்த இரப்பர்ப் பாலுக்கும் லீமாவ் சாற்றில் வெளுத்த மீனுக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. கெட்ட மீனில் லீமாவ் பிழிந்தால் வாடை ஏன் குறைகிறது? அதனால் மீன் நல்லதாகிவிடுமா?
3. காலை ஒன்பது மணிக்கு வாங்கிய மீனைப் பிற்பகல் இரண்டு மணிக்குச் சமைக்க வேண்டுமாயின் இடையில் என்ன செய்ய வேண்டும்? உங்கள் வீட்டில் அதனைச் செய்பவர் யார்?
4. மீன் சட்டியில் ஒட்டாதிருக்கக் கையாள வேண்டிய மூன்று முறைகள் யாவை?

மூன்றாம் வினாவிற்கு ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பெயரைச் சொல்லி விடையளிப்பாராயின், இப்பாடம் எழுதப்பட்ட நோக்கம் நிறைவேறியதாகும்.